கன்ட்ரி சிங்கிள் பண்றவங்க எங்க கோட்டை விடுறாங்க

அமெரிக்க கிராமத்துப் பாட்டுலேர்ந்து வளந்த கன்ட்ரி மியூசிக்ல ஒரு சிங்கிள், அதாவது தனியா வெளியிடுற ஒரு பாட்டு, ஓடுறதும் ஊத்திக்கிறதும் பாடுறவர் குரல்லதான் இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, தொப்பியும் கிட்டாரும் சோகமான தொண்டையும் இருந்தா மீதி தன்னால நடக்கும்ங்கிற மாதிரி. கன்ட்ரி மியூசிக்கோட தலைநகரான நாஷ்வில்ல பாட்டுங்க எப்படித் தயாராச்சுன்னு கொஞ்சம் நோண்டிப் பாத்தா தெரியும், முக்கால்வாசி தப்பு மைக் முன்னாடி போய் நிக்கறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் 1980ல விட்ட 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே'. எழுதினது பாபி பிராடாக், கர்லி புட்மேன் ரெண்டு பேரும், புரொட்யூசர் பில்லி ஷெரில்.

பெரிய தப்புன்னா, முதல் டிராஃப்ட் கைல கிடைச்ச உடனே ஸ்டுடியோ புக் பண்ணிடறது. பிராடாக்கும் புட்மேனும் புதுசா எழுத வந்த பசங்க கிடையாது, ஏற்கனவே ஹிட் குடுத்தவங்க, அப்படியும் ஷெரில் அவங்கள திரும்பத் திரும்ப மாத்தி எழுத வச்சார். கதை இதான்: சாகுற வரைக்கும் உன்ன நேசிப்பேன்னு ஒருத்தன் சொல்றான், அவ போயிடறா, இவன் அவ ஃபோட்டோவ சுவத்துல மாட்டிக்கிட்டு, 1962ல வந்த கடுதாசிங்கள கட்டில் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, அதுல 'ஐ லவ் யூ'ன்னு வர்ற இடமெல்லாம் சிவப்புக் கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். கடைசில செத்துப்போறான். ஷெரில் என்ன கேட்டார்னா, சரி, அந்தப் பொண்ணு சாவு வீட்டுக்கு வந்தாளா இல்லையா? அதுக்காக எழுதினதுதான் நடுவுல பாடாம பேச்சா வர்ற அந்த நாலு வரி. அந்த வரி இல்லாம இருந்தா இது ஒரு சோகப் பாட்டு, அவ்ளோதான்.

அடுத்த தப்பு, ட்விஸ்ட்ட முதல் சரணத்துலயே போட்டு உடைக்கிறது. இந்தப் பாட்ட கவனிச்சுக் கேளுங்க, தலைப்பு வரி எப்ப வருது? நாலு சரணம் முடிஞ்சப்புறம். அதுக்கு முன்னாடி கதை சொல்றவன், இன்னிக்கு அவனப் பாக்கப் போனேன், கண்ணுல தண்ணியே இல்ல, எங்கயோ கிளம்பற மாதிரி நல்லா டிரெஸ் பண்ணிருந்தான், ரொம்ப வருஷம் கழிச்சு இப்பதான் சிரிச்ச முகமா பாத்தேன்னு சொல்றான், நாம என்ன நினைப்போம், அப்பாடா அவள மறந்துட்டான்னு. அதுக்கப்புறம்தான் கோரஸ்ல, அதாவது தலைப்போட திரும்பத் திரும்ப வர்ற பகுதில, வாசக்கதவுல மலர்வளையம் வருது. ரேடியோல ஓடணும்னா கோரஸ் சீக்கிரம் வரணும்னு எல்லாரும் ஒரு விதி சொல்லுவாங்க, பொதுவா அது சரியும் கூட. ஆனா இங்க சீக்கிரம் வந்திருந்தா பாட்டே இல்ல. இதப் பாத்துட்டு சும்மா எல்லா பாட்டுலயும் கோரஸ தள்ளிப் போடறதும் தப்புதான், தள்ளிப் போடுற அளவுக்கு அதுக்குள்ள சரக்கு இருக்கணும்.

பாடுறவருக்குப் பாட்டு பிடிக்கலைன்னா உடனே கைவிட்டுடறது இன்னொன்னு. ஜோன்ஸுக்கு இந்தப் பாட்டு சுத்தமா பிடிக்கல, ரொம்ப நீளம், ரொம்ப சோகம், இந்த எழவுப் பாட்ட எவனும் வாங்க மாட்டான்னுதான் சொன்னாராம். போதாக்குறைக்கு பாடும்போதெல்லாம் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனோட வேற ஒரு ஹிட் பாட்டு மெட்டுக்குள்ள போய் விழுந்துடுவார். ஷெரில் விடல.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், குடிச்சாதான் அந்த வலி குரல்ல வரும்னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கு, தயவுசெஞ்சு அத நம்பாதீங்க. ஜோன்ஸ் அந்தக் காலத்துல குடியும் கொக்கேய்னுமா கிடந்தார், ஷோவுக்கே வராம 'நோ ஷோ ஜோன்ஸ்'னு பேரு வாங்கினவர். பாடும்போது நாக்கு குழறாது, பேசும்போதுதான் குழறும், அதனால அந்த நாலு வரி பேச்சுதான் ஆகல. முதல் சரணத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் நடுவுல ஒன்றரை வருஷம் ஓடிடுச்சுன்னு ஷெரில் பின்னாடி சொல்லிருக்கார். குடி பாட்டுக்கு எதையும் குடுக்கல, பாட்ட லேட்டாக்குச்சு, அவ்ளோதான்.

அரேஞ்ச்மென்ட்ல எல்லாத்தையும் முதல் நிமிஷத்துலயே கொட்டிடாதீங்க. வயலின் கூட்டத்த அள்ளிக் கொட்டறதுல பேர் போன ஷெரிலே இங்க கைய கட்டிக்கிட்டு ஆரம்பிக்கிறார், மெல்ல மெல்லத்தான் ஏத்தறார், அந்தப் பேச்சு வரும்போது பின்னாடி ஒரு பெண் குரல் வார்த்தையே இல்லாம மேல போகுது பாருங்க, அதுக்காகத்தான் அவ்வளவு நேரம் அடக்கி வச்சது.

டிரெண்ட் துரத்தறதும் ஒரு தப்புதான். 1980 ஜூன்ல 'அர்பன் கௌபாய்' படம் வந்து எல்லாரும் பாப் பக்கம் சாய்ஞ்ச கன்ட்ரியத்தான் பண்ணிட்டு இருந்தாங்க, ஜூலைல இந்தப் பழைய ஸ்டைல் சாவுப் பாட்டு பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி சார்ட்ல நம்பர் ஒன். கிராமி கிடைச்சுது, கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனோட சிஎம்ஏ விருதுல 1980, 1981 ரெண்டு வருஷமும் இதுதான் சிறந்த பாட்டு. ஒரு ஷோவுக்கு 2,500 டாலர் வாங்கிட்டு இருந்தவன் 25,000 டாலருக்குப் போனேன்னு ஜோன்ஸே சுயசரிதைல எழுதிருக்கார்.

இப்ப பணம். நம்ம ஆளுங்க பெரும்பாலும் வழுக்கி விழுறது இங்கதான். அமெரிக்காவுல சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோல பாட்டு ஓடினா எழுதினவருக்கும் பப்ளிஷருக்கும்தான் (பாட்டோட உரிமைய வச்சிருக்கிற கம்பெனி) ராயல்டி, பாடினவருக்குப் பைசா கிடையாது. அப்ப ஜோன்ஸ் குரல் ஊரெல்லாம் கேட்டுச்சே, அந்த ரேடியோ காசு? பிராடாக், புட்மேன், அவங்க பப்ளிஷர், முடிஞ்சுது. அதனாலதான் எழுதுறவங்க பப்ளிஷிங் உரிமைய சும்மா தூக்கிக் குடுக்கக் கூடாது. கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் தானே எழுதின 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்ட எல்விஸ் பாட ஆசைப்பட்டார், அவர் மேனேஜர் கர்னல் பார்க்கர் பப்ளிஷிங்ல பாதி வேணும்னு கேட்டார், டாலி அழுதுக்கிட்டே முடியாதுன்னுட்டாங்க. எல்விஸ வேண்டாம்னு சொல்றது அன்னிக்குப் பைத்தியக்காரத்தனமாத்தான் தெரிஞ்சிருக்கும். 1992ல விட்னி ஹூஸ்டன் பாடி அது 14 வாரம் பில்போர்டோட எல்லா வகைப் பாட்டுக்குமான ஹாட் 100 சார்ட்ல முதல் இடத்துல இருந்துச்சு, அந்தப் பாதி யார்கிட்ட இருந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல.

இந்தக் காலத்துக்கு வந்தா ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ். 'ஓல்டு டவுன் ரோடு'க்கு பீட்ட, அதாவது பாட்டுக்குப் பின்னாடி ஓடுற ரெடிமேட் இசைய, ஆன்லைன்ல 30 டாலருக்கு வாங்கினார், அதுக்குள்ள நைன் இன்ச் நெயில்ஸ் ராக் பேண்டோட சாம்பிள் ஒன்னு (அவங்க பாட்டுல இருந்து வெட்டி எடுத்த துண்டு) இருந்துச்சு, அதுக்கு அனுமதி வாங்கவே இல்ல. அவருக்கு அதிர்ஷ்டம், பேசி முடிச்சுக்கிட்டாங்க, அந்த பேண்டோட டிரென்ட் ரெஸ்னருக்கும் அட்டிகஸ் ராஸுக்கும் கிரெடிட் போச்சு. உங்களுக்கு அப்படி நடக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. 2019 மார்ச்ல பில்போர்டு இது கன்ட்ரியே இல்லன்னு கன்ட்ரி சார்ட்ல இருந்து தூக்கிடுச்சு, அதே பாட்டு ஹாட் 100ல 19 வாரம் நம்பர் ஒன். ஒரே சார்ட்ட நம்பி மொத்தத் திட்டத்தையும் போடாதீங்க.

பீட்டு யாரோடது, சாம்பிள் எங்கருந்து வந்துச்சு, யாருக்கு எத்தனை பர்சன்ட்னு ரெக்கார்டிங் அன்னிக்கே ஒரு பேப்பர்ல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. பாட்டு ஓடாத வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க, ஓடிடுச்சுன்னா டீ வாங்கிக் குடுத்தவருக்குக் கூட தான் ரெண்டு வரி எழுதின ஞாபகம் வந்துடும்.