மட்டக்களப்பில் சுழியோடப் போகிறீர்களா?

யூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பலர் கரையில் நின்று கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிழக்குக் கடல் தெளிந்து கிடப்பது அப்போதுதான். மே முதல் செப்டெம்பர் வரை தாராளமாகச் சுழியோடலாம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பகலில் வலுக்கும் என்பதால் காலைப் படகையே கேளுங்கள். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும். நத்தார் விடுமுறைதான் கிடைக்கிறது என்றால் கிழக்கை விட்டுவிட்டு மேற்கே கற்பிட்டிக்குப் போங்கள்.

சுழியோட்டம் என்றதும் எல்லோரும் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிப் புறாத்தீவைத்தான் சொல்வார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம், கருமுனைச் சுறாக்களைப் பார்க்கலாம், சரி. ஆனால் விடுமுறைக் காலத்தில் படகுக்கு மேல் படகு வரும். ஆழமில்லாத இடத்தில் முருகைக்கல்லின் மேலேயே ஏறி நிற்பவர்களையும் பார்க்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் இன்னும் தெற்கே, பாசிக்குடா, காயங்கேணிப் பக்கம் போகச் சொல்வேன். காயங்கேணி 2019இல்தான் கடற் சரணாலயமானது. கூட்டம் குறைவு.

கப்பல் பார்க்க ஆசை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தக் கடலில் பல கப்பல்களை மூழ்கடித்தன. அவற்றுள் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 24 மீற்றரில் கிடக்கிறது. முதல் நிலைப் பயிற்சி முடித்தால் கிடைக்கும் ஓபன் வோட்டர் அட்டைக்கு 18 மீற்றர்தான் எல்லை. ஆகவே அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் பயிற்சியை முடித்துக்கொண்டு வாருங்கள். பெயர்பெற்ற 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே இருக்கிறது. அது அந்த ஆழத்துக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பச் சுழியோடிகளுக்கானது. படகுக்காரர் "பரவாயில்லை, போகலாம்" என்றாலும் இறங்காதீர்கள்.

ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் நீங்கள் வாழும் நாட்டிலேயே வைத்தியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பயணக் காப்புறுதியில் சுழியோட்டம் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீற்றர் வரை என்று பாருங்கள். தடிமன் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம், காது அழுத்தத்தைச் சமன்செய்யாது. ஏறும் முன் படகில் அவசரத்துக்கு ஒக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது நாட்கணக்கை. ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். ஒரு முறை மட்டும் இறங்கியிருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இது அனேகருக்குத் தெரியும். மலையேறவும் அப்படிக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. போன முறை காலையில் இரண்டு தடவை இறங்கிவிட்டு, மாலையே நுவரெலியா போக வான் பிடித்து வைத்திருந்தேன். 1,800 மீற்றருக்கு மேலான ஊர். பயிற்றுநர் பேச்சுவாக்கில் கேட்டதால் தப்பினேன். அறைக்குக் கட்டிய பணம் போனதுதான் மிச்சம்.

ஆகவே முதலில் மலைநாடு, பிறகு கிழக்கு என்று திட்டமிடுங்கள். கடைசி இரண்டு நாட்களைச் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளுக்கு விட்டுவையுங்கள். எப்படியும் அதற்கும் இரண்டு நாள் வேண்டும்தானே.