ஓவர்ஃப்ளோ கடல்நீர் தொட்டி: கண் வைக்க வேண்டியது கடைசி அறையில்

கடல்நீர் தொட்டி வைத்த முதல் மாதம் முழுக்க நான் மேல்தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வைத்த மட்டத்தில் அப்படியே இருந்தது, மீன்கள் நன்றாக நீந்தின, வேறென்ன வேண்டும்? ஒரு நாள் காலையில் கீழே சம்ப்பிலிருந்து, அதாவது மேலே வழியும் தண்ணீர் வந்து சேரும் கீழ்த்தொட்டியிலிருந்து, கரகரவென்று சத்தம். அந்தத் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சி, மேல்தொட்டி முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. மேலே நீர்மட்டத்தில் குறைந்த மாதிரியே தெரியவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த அமைப்பு தண்ணீர் காட்டுவது இப்படித்தான்.

படி 1: எந்த மட்டம் நிலையானது, எது ஆடுவது?

மேல்தொட்டியின் மட்டத்தைத் தீர்மானிப்பது சீப்புப் பற்கள் போல வெட்டிய ஓவர்ஃப்ளோ தடுப்பு. பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அதிகத் தண்ணீர் அந்தப் பற்களைத் தாண்டி ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வழிந்து, வடிகால் குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கிவிடும். சம்ப்பில் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) இருக்கும் அறையின் மட்டத்தை அதற்கு அடுத்த தடுப்புக் கண்ணாடி பிடித்து வைத்திருக்கும். பிடித்து வைக்க எதுவுமே இல்லாதது ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறை மட்டும்தான். எங்கே தண்ணீர் ஆவியானாலும் கணக்கு அங்கேதான் வந்து சேரும்.

மேல்தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். சம்ப் இல்லாத சாதாரணத் தொட்டியாக இருந்தால், 3 லிட்டர் ஆவியானால் மட்டம் அரை செ.மீ. இறங்கும். அதே 3 லிட்டர் 30 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவுள்ள ரிட்டர்ன் அறையில் இரண்டரை செ.மீ. இறக்கத்தைக் காட்டும். அறை சின்னது என்றால் இன்னும் அதிகம். சம்ப் வாங்கும்போது பெரிய ரிட்டர்ன் அறை உள்ளதாகப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 2: மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள்

உப்பு கலப்பதற்கு முன்பே, சாதாரணத் தண்ணீரில் இதைச் செய்துவிடுங்கள். அவசரப்பட்டுத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு நடு இரவில் தரையைத் துடைக்கிறார்கள். நானும் துடைத்திருக்கிறேன்.

பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் திசை மாறி, சைஃபனாக மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். குழாயின் வாய் தண்ணீருக்கு வெளியே வந்து காற்று புகும்வரை இது நிற்காது. அந்த வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால், நம் உதாரணத் தொட்டியிலிருந்து 120 × 50 × 3, அதாவது 18 லிட்டர் இறங்கும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பது இதற்கு மேல். இவ்வளவுக்கும் சம்ப்பில் காலி இடம் இருக்க வேண்டும்.

பம்ப் ஓடும்போது ரிட்டர்ன் அறையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். பம்ப்பை நிறுத்துங்கள். தண்ணீர் முழுவதும் இறங்கி அடங்கட்டும். சம்ப்பின் விளிம்புக்குக் கீழே நாலைந்து விரற்கடை இடைவெளி இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சரியாக வந்ததும், ஓடும் நிலையில் எங்கே நிற்கிறதோ அதுதான் உச்சக் கோடு. அதற்கு மேல் எப்போதும் ஊற்றாதீர்கள்.

இறங்கும் அளவைக் குறைக்க, ரிட்டர்ன் வாயை மேற்பரப்புக்கு அருகில் உயர்த்தலாம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் சிறு துளை போடுவதும் உண்டு. மட்டம் துளைக்குக் கீழே போனதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். ஆனால் பாசியோ நத்தையோ அந்தத் துளையை அடைத்துவிடும், மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். சுண்ணாம்புப் படிவம் கொஞ்சம் சேர்ந்தாலே அது முழுதாக மூடாது.

படி 3: வடிகால் வால்வைச் சரிசெய்வது

உங்கள் வடிகால் காற்றுத்துளை வைத்த ஒற்றைக் குழாய் என்றால் இங்கே திருகிச் சரிசெய்ய ஒன்றுமில்லை, அடுத்த படிக்குப் போகலாம். இரண்டு அல்லது மூன்று குழாய்கள் இருந்தால், பிரதானக் குழாய் காற்றே இல்லாமல் நிறைந்து ஓட வேண்டும். சத்தம் அடங்குவது அப்போதுதான். அதற்கு அந்தக் குழாயில், பல சுற்று திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும் கேட் வால்வு ஒன்று தேவை. கைப்பிடியைத் திருப்பி மூடும் பால் வால்வில் (ball valve) கை லேசாக அசைந்தாலே ஓட்டம் ஏகத்துக்கு மாறிவிடும்.

வால்வை முழுதாகத் திறந்து பம்ப்பை ஓடவிடுங்கள். பிறகு கால் திருகு மூடி, சில நிமிடம் காத்திருங்கள். ஓவர்ஃப்ளோ பெட்டியில் மட்டம் மெல்ல ஏறும். மறுபடி கொஞ்சம். இரண்டாவது குழாயில் நூல்போல் தண்ணீர் வழியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது இருந்தால் அது காய்ந்தே கிடக்கட்டும், அது ஆபத்துக்கு. ஆபத்துக் குழாயில் வால்வு, வலை, பஞ்சு எதுவும் கூடாது.

சரிசெய்த பிறகு, பிரதான வால்வை முழுதாக மூடிப் பாருங்கள். மற்ற குழாய்களால் முழு ஓட்டத்தையும் தாங்க முடிகிறதா, மேல்தொட்டி வழியாமல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தாங்கவில்லையென்றால் பம்ப்பின் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

படி 4: ஆவியானதை நிரப்புவது

ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே நிரப்ப வேண்டியதும் நன்னீர், முடிந்தால் ஆர்.ஓ. வடிகட்டி, மீதி அயனிகளை நீக்கும் டி.ஐ. வடிகட்டி இரண்டும் கடந்த தண்ணீர். மொத்தம் 300 லிட்டர் உள்ள அமைப்பில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது என்று வையுங்கள். 6 லிட்டர் ஆவியானால் அது 35.7 ஆகும். அந்த 6 லிட்டரை உப்புநீராலேயே நிரப்பினால் மட்டம் பழையபடி அழகாக நிற்கும், ஆனால் 210 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போயிருக்கும். இதையே பத்துமுறை செய்தால் உப்பு 42க்குப் போய்விடும். மட்டம் சரியாகத்தானே இருக்கிறது என்று பவளங்கள் சமாதானம் அடையாது.

முதல் ஒரு வாரம் கையால் அளந்து ஊற்றுங்கள். தினமும் ஒரே நேரத்தில், டேப் கோடு வரை, எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி, விளக்குச் சூடு, காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்து உங்கள் தொட்டிக்கென்று ஓர் எண் வரும்.

படி 5: தானாக நிரப்பும் கருவி

இதன் உணரியை ரிட்டர்ன் அறையில்தான் பொருத்த வேண்டும். வேறெந்த அறையிலும் மட்டம் அவ்வளவாக மாறாது, கருவிக்குச் செய்தியே போகாது. மிதவை வகை வாங்கினால் நத்தை ஏறி உட்கார முடியாதபடி மூடி போட்டது நல்லது. மட்டம் எல்லை மீறினால் நிறுத்த, மேலே இரண்டாவது உணரி இருந்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நன்னீர் வாளியிலிருந்து வரும் குழாயின் முனை சம்ப் தண்ணீரைத் தொடக்கூடாது. தொட்டால் மோட்டார் நின்ற பிறகும் சைஃபனாக ஓடிக்கொண்டே இருக்கலாம். வாளியின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. சம்ப்பில் காலி இடம் 40 லிட்டர், மின்சாரம் போனால் இறங்குவது 25 லிட்டர் என்றால், மீதி 15. வாளி அதற்குள் இருந்தால், கருவி கெட்டு மொத்தமும் கொட்டினாலும் தரை நனையாது. தண்ணீர் மாற்றும் நாளில் கருவியை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் நீங்கள் உப்புநீர் எடுக்க எடுக்க அது நன்னீரை ஊற்றிக்கொண்டிருக்கும்.

படி 6: மட்டம் திடீரென்று மாறினால்

ரிட்டர்ன் அறை வழக்கத்தைவிட வேகமாக இறங்குகிறதா? தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் மேலே பாருங்கள். ஓவர்ஃப்ளோ பற்களில் பாசி அடைத்திருக்கலாம், வடிகாலில் நத்தை சிக்கியிருக்கலாம்; அப்படியென்றால் காணாமல் போன தண்ணீர் மேல்தொட்டியில்தான் இருக்கிறது. நீங்கள் ஊற்றிய பிறகு அடைப்பு நீங்கினால் எல்லாம் சேர்ந்து கீழே வரும். மேலே ஒன்றும் இல்லையென்றால் கசிவைத் தேடுங்கள், ஸ்கிம்மர் கோப்பை வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டிலும் போனது உப்புநீர் என்பதால், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்துவிட்டு உப்புநீராலேயே ஈடுகட்ட வேண்டும்.

ரிட்டர்ன் அறை ஏறினால், ஒன்று நிரப்பும் கருவி சிக்கியிருக்கும், அல்லது பம்ப் தளர்ந்திருக்கும். பம்ப்பைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் சில மணிநேரம் ஊறவைத்துத் தேயுங்கள். சுத்தமானதும் அது முன்பைவிட வேகமாகத் தள்ளும் என்பதால், படி 3-இல் சொன்ன வால்வை அன்றே மறுபடி ஒருமுறை சரிசெய்துவிடுங்கள்.