டி-ரெக்ஸிடம் திரும்பத் திரும்பச் சாகிறவர்களுக்கு

விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகன் மடிக்கணினியில் டூம் ரைடர் விளையாடிக்கொண்டிருந்தான். முதல் மூன்று பாகங்களையும் மெருகேற்றி 2024 பிப்ரவரியில் மறுபடி வெளியிட்டார்களே, அதுதான். மூன்றாவது கட்டமான லாஸ்ட் வேலிக்குள் அவன் நுழைந்ததும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெரு நாட்டு மலைகளுக்குள் ஒளிந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது: டி-ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர். அரை மணி நேரத்தில் பதினோரு தடவை செத்தான். அதில் ஒன்பது, இருபது வருடத்துக்கு முன்பே நான் செத்து முடித்த சாவு.

துப்பாக்கியை உருவ மறப்பது, எந்தப் பொத்தானில் குதிக்க வேண்டும் என்று தடுமாறுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். பழகாமலே போகிற தவறுகள் வேறு, அவைதான் கீழே.

ராப்டர் செத்ததும் மூச்சு விடுவது

டி-ரெக்ஸுக்கு முன்னால் வரும் சின்ன டைனோசர்களான ராப்டர்கள் பந்திக்கு முன்னால் வைக்கும் இலை மாதிரி. சோறு இனிமேல்தான்.

மருந்துப் பெட்டியை நம்புவது

கணக்கைப் பாருங்கள். 1996-ல் வந்த முதல் விளையாட்டின் நிரலுக்குள், நாம் ஆட்டுவிக்கும் நாயகி லாராவின் முழு உயிர் 1000 புள்ளி. டி-ரெக்ஸ் வாயால் ஒரு தடவை கவ்வினால் கழிவது 10000. அதாவது முழு உயிரோடு நின்றாலும் நூலிழை உயிரோடு நின்றாலும் ஒன்றுதான். ஓநாயிடம் கடி வாங்கினால் மருந்து போட்டுக்கொண்டு திரும்பச் சுடலாம். இங்கே மருந்து பயன்படுவது அதன் காலடியில் இடிபட்டதற்கு மட்டும். அண்ணன் மகன் பெரிய மருந்துப் பெட்டிகள் இரண்டையும் போட்டுவிட்டு, உயிர்ப்பட்டை நிறைந்த தைரியத்தில் நேராக அதன் வாய்க்கு முன்னால் போய் நின்றான். அந்தப் பள்ளத்தாக்கில் உங்கள் உயிர் பட்டையில் இல்லை, உங்களுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் தூரத்தில் இருக்கிறது.

பயத்தில் சேவ் செய்வது

இதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் காலத்துப் பிளேஸ்டேஷனில் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. அங்கங்கே நீலப் படிகம் ஒன்று நிற்கும், அதைத் தொட்டால்தான் சேவ். கணினியில் விளையாடியவர்களுக்கு எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்துகொள்ளும் சுதந்திரம் இருந்தது. புதுப் பதிப்பிலும் இருக்கிறது. நாம் கெட்டது அந்தச் சுதந்திரத்தால்தான்.

2001-ல் விடுதி அறையில் ஒரே ஒரு கணினி, எட்டுப் பேர் முறை வைத்து விளையாடினோம். பழைய சேவ் பட்டியலில் கட்டத்தின் பெயரும் ஓர் எண்ணும்தான் இருக்கும், யாருடையது என்று இருக்காது. அறைத் தோழன் ஒருவன் அந்தக் கட்டத்துக்குத் தேவையான மூன்று பல்சக்கரங்களில் இரண்டை எடுத்துவிட்டு, டி-ரெக்ஸைக் கொல்லாமலே போக்குக் காட்டி, நல்ல இடமாகப் பார்த்து சேவ் செய்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். நான் அதைத் திறந்து விளையாடினேன். திரை குலுங்க ஆரம்பித்தது. இருட்டுக்குள்ளிருந்து முதலில் மூக்கு, அப்புறம் பல். "செத்துப் போவதற்குள் சேவ் பண்ணிவிடலாம்" என்று எந்த மூளை சொல்லிற்றோ, கை போய்விட்டது. அதுவும் அவனுடைய சேவ் மேலேயே.

அதற்கப்புறம் எத்தனை தடவை திறந்தாலும் அதே காட்சி. திரை தெளிவதற்குள் திறந்த வாய், கவ்வல், ஓர் உதறல், கீழே லாரா. முப்பது தடவையாவது திறந்திருப்பேன். தோழன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ஒன்றுமே சொல்லவில்லை.

மற்ற மிருகங்களுக்கு முன்னால் அவசரப்பட்டு சேவ் செய்தாலும் பரவாயில்லை, திறந்ததும் மருந்து போட்டுக்கொண்டு சமாளிக்கலாம். இதன் முன்னால் செய்த சேவ் என்பது சாவைப் பத்திரப்படுத்தி வைப்பது. இத்தனையும் சொல்லி முடித்த பத்தாவது நிமிடம் அண்ணன் மகன் அதையே செய்தான். "பயமா இருந்துச்சு சித்தப்பா" என்றான். பயந்தால் ஓடு, பொத்தானை ஏன் அழுத்துகிறாய்?

நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: திரை குலுங்கினால் சேவ் கிடையாது. அதன் ஒவ்வொரு காலடிக்கும் திரை அதிரும், கிட்டே வர வர அதிர்வு கூடும். அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அதிர்வு நின்று, சுற்றிப் பார்த்து, நாலு எட்டு தள்ளி வந்த பிறகு சேவ் செய்யுங்கள். சேவ் பட்டியலில் இரண்டு இடங்களில் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? திறந்த உடனே எதிர்த்திசையில் நேராக ஓடாதீர்கள், எட்டிப் பிடித்துவிடும். பக்கவாட்டில் அதன் காலை ஒட்டி ஓடுங்கள். அவ்வளவு பெரிய உடம்பு திரும்பி முடிக்க நேரம் பிடிக்கும், அந்த இடைவெளிதான் உங்களுக்கு. பத்தில் இரண்டு தடவை தப்பலாம். எனக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை.

பின்னால் என்ன இருக்கிறது என்று பாராமல் பின்னோக்கிக் குதிப்பது

சுட்டுக்கொண்டே பின்னோக்கிக் குதிப்பது பார்க்க அழகாக இருக்கும். ஓநாய்க்கும் கரடிக்கும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பிஸ்டல் குண்டு ஒன்றுக்கு ஒரு புள்ளிதான், டி-ரெக்ஸின் உயிர் 100 புள்ளி. நூறு குண்டு படும்வரை குதித்துக்கொண்டே போக எங்கே இடம்? மூன்றாவது குதியில் முதுகு பாறையில் முட்டும், லாரா அங்கேயே நின்றுவிடுவாள். பிறகு பார்க்க அழகாக இருக்காது.

ஷாட்கன் முதன்முதலாகக் கைக்குக் கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான். அதைத் தேடி எடுங்கள். ஒரு வெடிப்பில் ஆறு சில்லு, சில்லுக்கு நாலு புள்ளி. எல்லாச் சில்லும் பட்டால் ஐந்தாவது வெடிப்பில் ஆள் காலி.

குகை வாசலில் நிற்பது

ஓரத்துக் குகைக்குள் டி-ரெக்ஸால் வர முடியாது. தலையால் முடியும். உள்ளே போங்கள்.

கொன்றே தீர வேண்டும் என்று நினைப்பது

முதல் விளையாட்டில் அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. மூன்று பல்சக்கரங்களையும் பொறியில் மாட்டி அருவியைத் திருப்பிவிட்டால் வழி திறந்துவிடும். டி-ரெக்ஸ் பாட்டுக்கு உலாத்திக்கொண்டிருக்கட்டும். எனக்குக் கொல்லாமல் போனால் தூக்கம் வராது, அது வேறு விஷயம்.

1996-ஐ 2007-க்குத் தூக்கிக்கொண்டு போவது

பழைய ஆட்கள் செய்கிற தவறு இது, நானும் செய்தேன். முதல் விளையாட்டையே புதிதாகச் செய்து 2007-ல் வெளியிட்ட ஆனிவர்சரியிலும் அதே பள்ளத்தாக்கு, அதே மிருகம். குகை தேடிப் போனேன். அங்கே சண்டையின் இலக்கணமே வேறு. சுடுவது கொல்வதற்கு அல்ல, கோபப்படுத்துவதற்கு. கோபம் முற்றினால் பாய்ந்து வரும். கடைசி நொடியில் விலகினால் நேரம் மெதுவாகும், இரண்டு குறிவட்டங்கள் நெருங்கி வரும். அவை ஒன்றாகச் சேர்ந்து சிவக்கும் கணத்தில் தலைக்கு ஒரே ஒரு குண்டு. அதற்கு முன்னால் பொறுக்காமல் சுட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தப்பித்து ஓடிப் பழகிய கைக்கு நின்று காத்திருப்பதுதான் கஷ்டம்.

சீனப் பெருஞ்சுவருக்குக் கீழே எட்டிப் பார்ப்பது

இரண்டாம் பாகத்தின் முதல் கட்டத்திலேயே, பெருஞ்சுவரின் அடியில் டி-ரெக்ஸ் மறுபடி காத்திருக்கிறது. 1997-ல் அங்கே டைனோசர் இருக்குமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தாராளமாகப் பாருங்கள். இறங்குவதற்கு முன்னால் சேவ் செய்துவிட்டு.

அண்ணன் மகன் நேற்று அங்கே போய்விட்டான். இறங்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான்.