பழைய பிரெஞ்சு மஹோகனி எழுத்துமேசை: முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்

பழைய பிரெஞ்சு மஹோகனி எழுத்துமேசை விற்பனைக்கு வந்தால், பலரும் முதலில் தேடுவது அதைச் செய்தவரின் பெயர் முத்திரையைத்தான். பெயர் கிடைத்ததும் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. இதைவிடப் பெரிய தவறு இல்லை.

பாரிஸ் மரவேலைக் கைவினைஞர் சங்கம் 1743இல் வகுத்த, செய்தவர் தம் பெயரைக் குத்த வேண்டும் என்ற முத்திரை விதி 1751இல் முறைப்படி பதிவாயிற்று. அரசருக்கு நேரடியாக வேலை செய்தவர்களையும், செந்த் அந்துவான் புறநகரில் சங்க அதிகாரத்துக்கு வெளியே பட்டறை வைத்திருந்தவர்களையும் அது கட்டுப்படுத்தவில்லை. 1791இல் சங்கமே கலைந்தது. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காக ஒரு நல்ல மேசையை ஒதுக்குவது அநியாயம்.

முத்திரை இருந்தாலும் அவசரப்படக்கூடாது. பழுது பார்த்தவர்களும் தங்கள் பெயரைக் குத்தியதுண்டு. பாரிஸ் மரவேலைக் கைவினைஞர் ஒபென் 1763இல் இறந்தார். அவருடைய பட்டறையை நடத்திய ரீஸ்னர், 1768இல் தாமே தலைமைக் கைவினைஞர் தகுதி பெறும்வரை ஒபெனின் முத்திரையே அங்கு புழங்கியது. போலி முத்திரை குத்துவதோ மிக எளிது. வெர்சாய் அரண்மனையே வாங்கிய சில நாற்காலிகள் போலி என்ற விவகாரம் 2016இல் வெடித்தது.

பெயரோடு காலத்தையும் பொருத்திப் பாருங்கள். 'ஜாக்கோப் சகோதரர்கள், மெஸ்லே தெரு' என்ற முத்திரை 1796 முதல் 1803 வரைக்குரியது. அதைக் காட்டி, பதினாறாம் லூயிக்காகச் செய்த மேசை என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். அரசர் 1793லேயே கொல்லப்பட்டுவிட்டார்.

நான் முதலில் இழுப்பறையைத்தான் வெளியே எடுப்பேன். உள்கூடு பெரும்பாலும் ஓக் மரம். கையால் அறுத்த மஹோகனி வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு) சற்றுத் தடிமனாக, சீரற்று இருக்கும்; காகிதம்போல் மெல்லியதாக ஒரே சீராக இருந்தால் இயந்திர வேலை என்று சந்தேகிக்கலாம். கூர்முனைத் திருகாணிகள் 1840களுக்குப் பிறகே பரவின. ஒரே ஒரு திருகாணியை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், அது பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கலாம்.

பிற்காலப் பிரதி என்றாலே மட்டம் என்று நினைப்பதும் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாஸோன், லிங்கே பட்டறைகள் செய்த பிரதிகளின் கைத்திறன் அசாதாரணமானது.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகள் இன்னும் வேதனையானவை. மங்கிவிட்டது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், வெனீரோடு இருநூறு ஆண்டு நிறமும் போய்விடும். பாதரசம் கொண்டு பொன்முலாம் பூசிய வெண்கல அலங்காரங்களுக்குப் பித்தளை பாலிஷ் போடவே கூடாது, முலாம் உரிந்துவிடும். தூக்கிக்கொண்ட வெனீரை வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். பழைய கைவினைஞர்கள் பயன்படுத்திய தோல், எலும்புப் பசை வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும். நாளை இன்னொருவர் மரத்தைக் காயப்படுத்தாமல் அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியும்.