விட்ட வேலைக்குச் சரியாகத் திரும்புவது: காக்பிட்டில் கவனம் கலைவதும் பாதை தவறுவதும்

விமானிகளுக்கு இடையூறு இல்லாத பயணம் என்று ஒன்று கிடையாது. கேபினிலிருந்து அழைப்பு வரும், தரையிலிருக்கும் கன்ட்ரோலர் பாதையை மாற்றுவார், எரிய வேண்டிய விளக்கு எரியாது. இடையூறு முடிந்து, விட்ட வேலையைத் தொடரும் அந்த நொடியில்தான் பிழை நுழைகிறது. 'அதைச் செய்தாயிற்று' என்று மனம் சொல்லும்; கை செய்திருக்காது.

செக்லிஸ்ட் (சரிபார்ப்புப் பட்டியல்) படிக்கும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால், முதலில் கையிலிருக்கும் வரியை முடியுங்கள். பிறகு அந்த வரியில் கட்டைவிரலை வைத்து, எங்கே நிறுத்துகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஃபிளாப்ஸில் (இறக்கை மடிப்புகள் பற்றிய வரி) நிறுத்துகிறேன்." மனதுக்குள் சொன்னால் பயன் இல்லை; பக்கத்து இருக்கைக்காரர் காதில் விழுந்தால்தான் அவர் ஞாபகப்படுத்த முடியும். திரும்பும்போது ஒரு வரி மேலிருந்து தொடங்குங்கள். எந்த வரி என்று இருவருக்கும் சந்தேகம் வந்தாலே மேலிருந்து முழுவதையும் படியுங்கள். பாதையைக் கணக்கிட்டு விமானத்தை வழிநடத்தும் கணினியான எஃப்எம்எஸ்ஸில் பாதி தட்டிய எண்ணுக்கு இன்னும் கடுமையான விதி வேண்டும்: அதை அழித்துவிட்டு முதல் இலக்கத்திலிருந்து தட்டுங்கள்.

10,000 அடிக்குக் கீழே பறத்தலுக்குச் சம்பந்தமில்லாத பேச்சும் வேலையும் கூடாது என்ற விதியை அமெரிக்கா 1981-இல் கொண்டுவந்தது. பல நாடுகளிலும் இன்று இதே வழக்கம்தான். ஆனால் 10,000 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். குறித்த உயரத்தை எட்டி மட்டம் பிடிக்க இன்னும் 1,000 அடி இருக்கும்போதும், பாதை மாற்றம் வரும்போதும், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பேச்சை நிறுத்துங்கள்.

எண் ஏற்றும்போது

ஒருவர் தட்ட வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பவர் தட்டியவரின் வாயைக் கேட்டு ஆமோதித்தால் அது சரிபார்ப்பே இல்லை. திரையில் இருப்பதை அவரே படித்து, விமானத் திட்டத் தாளோடு ஒப்பிட வேண்டும். 2015 மார்ச் 10 அன்று சிட்னியில் ஓர் ஏ330 விமானத்தில், அது நின்ற இடத்தின் தீர்க்கரேகை 15109.8 கிழக்கு (151 பாகை 9.8 நிமிடம்) என்பதற்குப் பதிலாக 01519.8 கிழக்கு (15 பாகை 19.8 நிமிடம்) என்று ஏறியது. தசமப் புள்ளிக்கு இரு பக்கமும் பார்த்தால் சரிபோலவே தெரியும். உண்மையில் இடம் 11,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விட்டது. அன்று துணை விமானி வெளியே விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் செய்யும் வேலையைக் கேப்டன் செய்தார். கோலாலம்பூர் போக வேண்டிய விமானம் மெல்போர்னில் இறங்கியது. வேலை கைமாறும் நாளில் சரிபார்ப்பும் கூடவே கைமாறியதா என்று கேளுங்கள். ஓடுபாதையில் நேராக நின்றதும் வரைபடத்தில் விமானக் குறி அந்த ஓடுபாதை மேல் நிற்கிறதா, திசைகாட்டி, ஓடுபாதையின் திசையைக் குறிக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில நொடி வேலைதான்.

கடலுக்கு மேலே போகும் பாதைகளில் தூரத்தை மட்டும் ஒப்பிட்டுத் திருப்திப்படுவது பெரிய பொறி. ஒரு கணக்கைப் பாருங்கள். 50 வடக்கு 20 மேற்கிலிருந்து 50 வடக்கு 30 மேற்குக்குத் தூரம் ஏறத்தாழ 385 கடல் மைல். கை தவறி 51 வடக்கு என்று தட்டினால் தூரம் 386 கடல் மைல். ஒரே ஒரு மைல் வித்தியாசத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் புறப்படும் திசை ஏறத்தாழ 274 பாகையிலிருந்து 283 பாகைக்குத் தாவியிருக்கும். போய்ச் சேரும் இடமோ 60 கடல் மைல் வடக்கே. ஆகவே பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் திசை, தூரம் இரண்டையும் தாளோடு ஒப்பிடுங்கள். 2 பாகை அல்லது 2 கடல் மைலுக்கு மேல் வேறுபட்டால் தேடுங்கள். திரையில் தெரியும் இடத்தின் சுருக்கப் பெயரை நம்பாமல், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் முழு இலக்கங்களோடு விரித்துப் படியுங்கள். 52 பாகைக்கும் 52 பாகை 30 நிமிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கப் பெயர் எளிதில் மறைத்துவிடும்.

வேபாயிண்ட்டை (பாதையில் குறித்த இடத்தை) தாண்டிய 10 நிமிடத்தில் நிலையைக் குறித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். மேலே சொன்ன பிழையில், நிமிடத்துக்கு 8 கடல் மைல் வேகத்தில் பறந்தால், அந்த 10 நிமிடத்துக்குள்ளேயே 12 கடல் மைல் விலகியிருப்பீர்கள். அதனால் விமானம் அங்கே திரும்பிய உடனேயே திசையை ஒருமுறை பாருங்கள். 10 நிமிடச் சோதனை இரண்டாவது வலையாக இருக்கட்டும்.

பறந்துகொண்டிருக்கும்போது பாதையை மாற்றினால், புதுப்பாதை வரைபடத்தில் முதலில் இடைவெளி விட்ட கோடாகத் தெரியும். உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தக் கோடு எங்கே போகிறது என்று இருவரும் பார்க்க வேண்டும். 1995 டிசம்பர் 20 இரவு, கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த போயிங் 757-இல் ரோஸோ என்ற வழிகாட்டி ரேடியோ நிலையத்தை நினைத்து 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினார்கள். தரவுத்தளம் தந்தது போகோட்டா அருகிலிருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். விமானம் இடப்பக்கம் திரும்பி மலைகளுக்கிடையே போய் மோதியது. 159 பேர் இறந்தார்கள். விமானம் எதிர்பாராத பக்கம் திரும்பினால் 'ஏன்?' என்று ஆராய்வது பிறகு. உடனே ஹெட்டிங்கை (போக வேண்டிய திசையை) நேரடியாகத் தேர்ந்து திருப்பத்தை நிறுத்துங்கள். பாதுகாப்பான குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இருந்தால் ஏறுங்கள். அதன் பிறகுதான் எஃப்எம்எஸ்.

பழுது வந்தால்

முதல் வார்த்தை பழுதைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "நான் ஓட்டுகிறேன், நீங்கள் பழுதைப் பாருங்கள்" என்று வேலை பிரிய வேண்டும். 1972 டிசம்பர் 29 அன்று மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கின் பல்புகள் எரிந்துபோயிருந்தன. எல்லோர் கவனமும் அதில் போய்விட்டது. 2,000 அடியில் விமானத்தைப் பிடித்து வைத்திருந்த ஆட்டோபைலட் அந்த உயரத்தை விட்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கை மணி ஒலித்தும் காதில் ஏறவில்லை. 101 பேர் இறந்தார்கள். ஓட்டுபவர் கையேட்டை எட்டிப் பார்க்கவே கூடாது. உயரம், வேகம், திசை, ஆட்டோபைலட் நிலை, இந்த நான்கையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுதான் அவர் வேலை.

நீண்ட பயணமும் ரேடியோவும்

கையடக்கத் திரையில் ஒருவர் தலை குனிந்தால் மற்றவர் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். 2009 அக்டோபர் 21 அன்று நார்த்வெஸ்ட் 188 விமானத்தில் இருவரும் மடிக்கணினியில் பணி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் தொடர்பு இல்லை. இறங்க வேண்டிய மினியாபொலிஸ் பின்னால் போய்விட்டது.

அலைவரிசை மாற்றும்போது பழையதைக் காத்திருப்புச் சாளரத்தில் அப்படியே விடுங்கள்; புதியதில் பதில் வரவில்லையென்றால் அதற்கே திரும்புங்கள். இரண்டாவது ரேடியோவில் அவசர அலைவரிசையான 121.5 எப்போதும் இருக்கட்டும், ஒலியைக் குறைக்காதீர்கள். பரபரப்பான வான்பகுதியில் ஹெட்செட் வெகுநேரம் அமைதியாக இருந்தால் அதை ஓய்வாக எடுத்துக்கொள்ளாமல் 'ரேடியோ செக்' கேளுங்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போய்த் திரும்பினாலும் உட்கார்ந்ததும் அவருக்கு நான்கு விஷயம் சொல்லுங்கள்: இப்போதைய உயரம், அடுத்த வேபாயிண்ட், பேசும் அலைவரிசை, அவர் இல்லாதபோது மாறியது.