மதுரை–சென்னை: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

"மதுரைக்கு 418 கிலோமீட்டர்தானா? யார்கிட்ட கதை விடுற?" என்றார் மாமா. இருபது வருடம் அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவர். அவர் சொன்ன 460-ம் சரி, நான் சொன்ன 418-ம் சரி. அவருடையது சாலைக் கணக்கு, என்னுடையது ஆகாயக் கணக்கு. ரயிலில் போனால் 490-ஐத் தாண்டிவிடும்.

ஒரு பேனாவும் போனும் போதும், எந்த இரண்டு ஊருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

படி 1: கூகுள் மேப்ஸில் மதுரை விமான நிலையத்தைத் தேடி, ஓடுபாதை மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும்: 9.83, 78.09. முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. மீனம்பாக்கத்துக்கு 12.99, 80.17. மீனாட்சி அம்மன் கோயிலையோ சென்ட்ரலையோ குறிக்காதீர்கள். விமானம் அங்கே இறங்குவதில்லை.

படி 2: கழியுங்கள். அட்சரேகை வித்தியாசம் 3.16, தீர்க்கரேகை வித்தியாசம் 2.08.

படி 3: கிலோமீட்டராக்க வேண்டும். அட்சரேகை ஒரு பாகைக்கு எங்கேயும் ஏறக்குறைய 111 கி.மீ. ஆகவே 3.16 × 111 = 351. தீர்க்கரேகை அப்படி இல்லை. அந்தக் கோடுகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்றுசேர்பவை என்பதால், வடக்கே போகப்போக இடைவெளி சுருங்கும். நம் பக்கம் ஒரு பாகைக்கு 109, டெல்லியில் சுமார் 98. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நமக்கு 2.08 × 109 = 227.

படி 4: பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 351-இன் வர்க்கத்தையும் 227-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418. துபாய், சிங்கப்பூர் மாதிரி தூரத்துக்கு இது சரிவராது, பூமி உருண்டை என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 5: நேரம். ஏர்பஸ் மாதிரி ஜெட் என்றால் மணிக்கு 800 கி.மீ. என்று வையுங்கள்: 418-க்கு 31 நிமிடம். இறக்கைக்கு முன்னால் விசிறி சுற்றும் ஏடிஆர் என்றால் மணிக்கு 500, அதாவது 50 நிமிடம். அப்புறம் இரண்டுக்கும் ஒரு அரைமணி நேரம் கூட்டுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். ஜெட்டுக்கு ஒரு மணி நேரம், ஏடிஆருக்கு ஒன்றே கால் மணிக்கு மேல்.

டிக்கெட்டில் இதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரைக்குமான நேரம் அது. கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பார்கள்.

வீட்டு வாசல் கணக்கு வேறு. காலை 7 மணி விமானத்துக்கு நான் மதுரை அண்ணா நகரிலிருந்து 5 மணிக்கே ஆட்டோ பிடித்தேன். சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு மெட்ரோவில் சென்ட்ரல் போனபோது 9.30. மொத்தம் நாலரை மணி நேரம், அதில் பறந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. வைகை எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் ஜன்னலோரம், கையில் சூடான வடை. மாமா இன்றுவரை அந்தக் கட்சிதான்.