கணப்பில் புகை திரும்பினால் முதலில் டேம்பருக்குப் பின்னால் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்து வீடுகளில் குடியிருப்பவர்கள் மார்கழி பிறந்தால் சொல்லும் குறை ஒன்றுண்டு. கணப்பை மூட்டினால் அறை சூடேறுவதற்குள் கண் எரிகிறது. உடனே கொத்தனாரை அழைத்துப் புகைபோக்கியை உயர்த்தச் சொல்கிறார்கள். சிலர் கணப்பையே செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். எங்கள் குன்னூர் வீட்டில் இதே தொல்லை தீர்வதற்கு ஒரு கம்பித் தூரிகையும் பழைய சாக்கும் போதுமானதாக இருந்தன.

தணல் முழுவதும் ஆறிய மறுநாள் பகலில் தொடங்குங்கள். முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச்தான் நல்லது. செல்போனைப் பிடித்துக்கொண்டால் ஒரு கை வீணாகும். வீட்டில் தரை கூட்டும் வாக்குவம் கிளீனரைக் கரியில் வைக்காதீர்கள். நுண்ணிய தூளை அது பின்புறமாக அறைக்குள்ளேயே ஊதித் தள்ளும். முறமும் சாக்கும் போதும்.

கணப்புக்குள் தலையை நீட்டி மேலே பார்த்தால், புகைபோக்கியின் கழுத்தில் கீல் போட்ட வார்ப்பிரும்புத் தகடு தெரியும். புகை போகும் வழியைத் திறந்து மூடும் அதுதான் டேம்பர். மழைக்காலம் முழுவதும் அசையாமல் கிடந்து துருவேறி இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். கீலைத் தூரிகையால் தேய்த்து, டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கியைத் தெளித்து ஊறவிட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். இளகியதும் மிச்ச எண்ணெயைத் துணியால் ஒட்டத் துடைத்து உலரவிட வேண்டும், அது தீப்பிடிக்கக்கூடியது. பிறகு கீலுக்கு உலர்ந்த கிராபைட் தூள் மட்டும். தேங்காய் எண்ணெயோ எஞ்சின் ஆயிலோ போட்டால் சூட்டில் கருகிக் கெட்டியாகி மறுபடியும் கீலைப் பிடித்துக்கொள்ளும்.

இனிதான் பலரும் தவறவிடும் இடம். கைப்பிடி முழுவதும் நகர்கிறது, எனவே டேம்பர் திறந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது பாதிதான் திறந்திருக்கும். தகட்டுக்குப் பின்னால் ஒரு சிறு திண்டு உண்டு. மேலிருந்து உதிரும் கரி, காரைத் துண்டு, சுள்ளி எல்லாம் அங்கேதான் வந்து தங்கும். தகடு பின்னால் சாயும்போது இந்தக் குப்பையில் முட்டி நின்றுவிடும். கீழேயிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. தகட்டின் மேல் விளிம்பைத் தாண்டிக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐப்பசி மழையில் நனைந்த கரி களிமண்ணாக இறுகியிருந்தது. அதற்குள் பழைய தேனடையின் மெழுகும் செங்கல் துண்டுகளும் புதைந்திருந்தன. கரண்டியால் சுரண்டி அள்ளியபின் தகடு இன்னும் நான்கு விரற்கடை பின்னால் சாய்ந்தது.

இப்போது ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தித் தகட்டின் கீழே பிடியுங்கள். புகை நேராக மேலேறினால் நல்லது. அறைக்குள் திரும்பினால் சமையலறை எக்ஸாஸ்ட் மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சற்றே திறந்து மறுபடி பாருங்கள். அப்போதும் திரும்பினால் புகைக்குழாயில் குளிர்ந்த காற்று கனத்து அடைத்து நிற்கலாம். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் கழுத்தருகே சிறிது நேரம் பிடித்தால் குழாய் சூடேறி, புகையை மேலே இழுக்கும் இழுவை பிறக்கும். ஊட்டியின் உறைபனி நாட்களில் விறகு மூட்டுமுன் தினமும் இதைச் செய்யலாம்.

இழுவை வரவே இல்லை என்றால் குழாயில் அடைப்பு இருக்கலாம். மேலே வானம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய வீடுகளில் குழாய்கள் வளைந்து போகும். கூரையில் ஏறாமல் கீழேயிருந்தே தூரிகையைச் செலுத்துவதுதான் என் விருப்பம், பனி நனைத்த ஓடு வழுக்கும். திருகி இணைக்கும் கம்புகளை எப்போதும் வலஞ்சுழியாகவே திருப்புங்கள். இடஞ்சுழியாகத் திருப்பினால் மரை கழன்று தூரிகை குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். தூளாக உதிரும் கரி பிரச்சினையில்லை. தாரைப் போலப் பளபளப்பாக ஒட்டியிருப்பது கிரியோசோட். தூரிகைக்கு மசியாது, குழாய்க்குள்ளேயே தீப்பற்றும். விவரம் தெரிந்தவரைக் கொண்டு அகற்றும்வரை கணப்பை மூட்டவே வேண்டாம்.

கிரியோசோட் படிவதற்கு ஈர விறகுதான் பெரும்பாலும் காரணம். சீகையோ (வாட்டில்) கற்பூர மரமோ (யூக்கலிப்டஸ்), பிளந்து கூரையடியில் ஓர் ஆண்டாவது காயவேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு இருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

இவ்வளவும் செய்தபின்னரே உயரத்தைப் பற்றி யோசியுங்கள். புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயர்ந்திருக்கவேண்டும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய புகைபோக்கியில் விரிசலைச் சிமென்ட் கொண்டு பூசாதீர்கள், சுண்ணாம்பே பொருந்தும்.

பிற்சேர்க்கை: கீழறையில் மூட்டினால் மாடியறைக் கணப்பில் புகை வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே தூணில் அருகருகே ஏறும் குழாய்களில் இது நடக்கும். மாடி டேம்பரை மூடுங்கள், தீ எரியும் அறையின் ஜன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள். அப்படியும் வந்தால் இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள சுவரில் விரிசல் இருக்கலாம். பார்த்து அடைக்கும்வரை மூட்டாதீர்கள்.

இன்னொருவர், சூடு வெளியேறாதிருக்கத் தணலோடு டேம்பரை மூடிவிட்டு உறங்குவதாக எழுதியிருந்தார். தயவுசெய்து இன்றிரவே நிறுத்துங்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். சாம்பல் கைக்குக் குளிரும்வரை டேம்பர் திறந்தே இருக்கவேண்டும்.

கிராபைட் தூள் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பூட்டு விற்கும் ஹார்டுவேர் கடைகளில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மென்மையான பென்சிலின் கருமுனையைச் சீவிப் பொடியாக்கிக் கீலில் தூவலாம்.